போனி ஆகாத போஸ்டர்

கோவிட் அடங்கி, கடைகளெல்லாம் பழையபடி திறந்துகொண்டிருந்த வருடம். கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பெரிய ஹோட்டலில் நடந்தது இது. அந்த ஹோட்டலுக்குள் அதற்கு முன்பும் நான் போனதில்லை, அதற்குப் பிறகும் போனதில்லை.

பிள்ளைகளே, நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கிள்ளானில் பாசார் மாலாமில் வடை விற்கிறவன். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தாமானில், அதாவது குடியிருப்பில், தெருவோரம் சாயங்காலச் சந்தை கூடும் இல்லையா, அங்கே கூடாரம் போட்டு எண்ணெய்ச் சட்டி வைத்துக்கொண்டு நிற்கும் அங்கிள்களில் ஒருவன். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். அதனால் என் எழுத்தில் பிழை இருந்தால் உங்கள் ஆசிரியரிடம் கேட்டுத் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு ஒரே மகள். நன்றாகப் படித்தாள். பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினாள். சரி, இனி வேலைக்குப் போவாள் என்று பார்த்தால், "ஆராய்ச்சி பண்ணப் போறேன்பா" என்றாள்.

"என்ன ஆராய்ச்சி?"

"டாக்டர் மருந்து குடுக்கறாரு. நடங்கன்னு சொல்றாரு. இனிப்பக் கொறைங்கன்னு சொல்றாரு. ஆளுங்க ஏன் செய்யறதில்ல? கொஞ்ச நாள் செஞ்சிட்டு ஏன் விட்டுடறாங்க? அதக் கண்டுபிடிக்கணும். இதுவும் மருத்துவம்தான்பா, மனுஷங்க பழக்கத்தப் பத்தின மருத்துவம்."

"இதுக்கு எதுக்கும்மா படிப்பு? உங்க அம்மாவக் கேட்டா இப்பவே சொல்லிடுவா" என்றேன். என் மனைவி அடுப்படியிலிருந்து, "ஆமா, முதல்ல உங்க அப்பாவையே ஆராய்ச்சி பண்ணு. மூணாவது நாளே சப்பாத்தக் கழட்டிப் போட்ட ஆளு" என்றாள்.

அது உண்மைதான். எனக்கும் இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, உண்டு. கிளினிக்கில் தினமும் நடக்கச் சொன்னார்கள். புதுச் சப்பாத்து வாங்கி நடந்தேன், அப்புறம் மழை வந்தது, அப்புறம் கால் வலித்தது, அப்புறம் சப்பாத்து கதவுக்குப் பின்னாலேயே இருந்துவிட்டது. எங்கள் வீடு ஃப்ளாட்டில் நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. இறங்கினால் ஏற வேண்டும் என்ற நினைப்பே ஆளை உட்கார வைத்துவிடும்.

மகள் எங்கள் ஃப்ளாட்டிலும் சுற்றியிருந்த ஃப்ளாட்டுகளிலும் வீடு வீடாக ஏறி இறங்கினாள். நடக்க ஆரம்பித்தவர்கள், விட்டவர்கள், விடாதவர்கள் எல்லாரிடமும் உட்கார்ந்து பேசினாள். சில ஆன்டிகளோடு தானும் நடந்தாள். எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் கேலி செய்ய வாய் வராது. அவ்வளவு ஆசையாகச் செய்தாள்.

பாதியில்தான் சிக்கல் வந்தது. அவளுக்கு வழிகாட்டியாக இருந்த டாக்டரம்மா வேறு நாட்டுக்கு மாறிப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்தவருக்கு இவள் வேலையில் அக்கறை இல்லை. ஆராய்ச்சிக்குக் கிடைத்துவந்த உதவிப்பணமும் அந்த வருடத்தோடு நிற்பதாக இருந்தது. ஆராய்ச்சி என்பது தனியாளாகச் செய்கிற காரியம் இல்லையாம். "இது சரி, இது தப்பு, இதை இன்னொரு தடவை பார்" என்று சொல்ல அந்தத் துறையில் பழுத்த ஒருவர் பக்கத்தில் வேண்டுமாம். அப்படி ஒருவர் இல்லாமல் அவள் ஒரு வருடம் தள்ளாடினாள்.

அந்தச் சமயத்தில் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில், ஆபீஸ் வேலை ஒன்று அவளைத் தேடி வந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான் கோலாலம்பூரில் அந்தத் துறை ஆராய்ச்சியாளர்களின் பெரிய கூட்டம்.

"இந்தக் கூட்டத்துல யாராச்சும் என்னைக் கூடச் சேத்துக்கிட்டா பார்க்கறேன். இல்லன்னா திங்கக்கிழம அந்த வேலைக்கு சரின்னு சொல்லிடறேன்பா" என்றாள்.

நான் "ம்" என்று மட்டும் சொன்னேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம். தெலுக் பங்லிமா காராங் என்றால் காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடலாம். எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவாள். லீவு நாளில் கடைக்கு வந்து, "அங்கிள், உளுந்து வடையா மசால் வடையா" என்று கேட்டுக் கட்டிக்கொடுப்பாள். பெற்றவனுக்கு வேறு என்ன வேண்டும்?

வெள்ளிக்கிழமை காலையில் என் வேனில் அவளை ஹோட்டல் வாசலில் இறக்கிவிட்டு வந்தேன். மத்தியானம் வீட்டில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அப்பா, போஸ்டர் வேன்லயே இருக்கு."

ஓடிப்போய்ப் பார்த்தேன். நீளமான பிளாஸ்டிக் குழாய் ஒன்று வெங்காய மூட்டைக்கும் பெருங்காய டப்பாவுக்கும் நடுவே உருண்டு கிடந்தது. அதற்குள்தான் அவள் இத்தனை நாள் செய்த வேலையெல்லாம் ஒரே பெரிய தாளில் சுருட்டி இருந்தது.

"ஏங்க, இன்னைக்குக் கடை வேணாம், கிளம்புங்க" என்றாள் என் மனைவி. முதல் ஈடு வடை எடுத்திருந்தாள். அதை அப்படியே காகிதத்தில் சுற்றிக் கையில் திணித்தாள். "அவ மத்தியானம் சாப்பிட்டிருக்க மாட்டா."

பெடரல் ஹைவேயில் வழக்கம்போல் ஜாம். உள்ளே ஒரு மனம் சொன்னது: நீ தாமதமாகப் போனால் காரியம் தானாக முடிந்துவிடும், பிள்ளை கிள்ளானிலேயே இருந்துவிடும். இன்னொரு மனம் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தது. அந்த இரண்டாவது மனம்தான் ஜெயித்தது. எப்படி என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

மகள் வாசலிலேயே நின்றாள். கண் சிவந்திருந்தது. போஸ்டருக்காக அழுதாள் என்று நினைத்தேன். அது மட்டும் இல்லை. அந்தக் கூட்டத்தில் மதியச் சாப்பாட்டின்போது பெரிய பெரிய ஆராய்ச்சியாளர்கள் ஆளுக்கொரு மேசையில் உட்காருவார்களாம். இளையவர்கள் முன்கூட்டியே பேர் கொடுத்துவிட்டு, தாங்கள் விரும்புகிறவர் மேசைக்குப் போய்ப் பேசலாமாம். இவள் வெளிநாட்டில் இருக்கும் ஒரு பேராசிரியையின் மேசைக்குப் பேர் கொடுத்திருந்தாள். அவரை நேரில் பார்த்ததில்லை, ஆனால் அவருடைய எழுத்தையெல்லாம் படித்து வைத்திருந்தாள். அவரோ விமானம் தாமதமாகி வந்து சேரவே இல்லை. காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறாள்.

"சாப்பிட்டியா?" என்றேன்.

"சாப்பிடல, சோத்தப் பெசைஞ்சிட்டு வந்துட்டேன்" என்றாள். குழாயைத் திறந்து தாளை உருவினாள். முகர்ந்து பார்த்தாள். "அப்பா! பெருங்காய வாசனை!"

"நல்லதுதானே. பக்கத்துல வர்றவங்களுக்குப் பசி எடுக்கும்."

கொஞ்சம் சிரித்தாள். "இருங்கப்பா. போயிடாதீங்க" என்று என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

அந்தக் கூடத்தைப் பார்த்ததும் எனக்கு வியப்பாகப் போய்விட்டது. எங்கள் பாசார் மாலாமேதான்! வரிசை வரிசையாகத் தட்டிகள். ஒவ்வொரு தட்டியிலும் ஒரு போஸ்டர். ஒவ்வொரு போஸ்டருக்கும் பக்கத்தில் ஒரு பிள்ளை, கைகளைக் கட்டிக்கொண்டு, முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டு நின்றது. அனுபவசாலிகள் கையில் கோப்பிக் கோப்பையோடு வரிசைக்கு நடுவே நடப்பார்கள். பிடித்திருந்தால் நிற்பார்கள், கேட்பார்கள். பிடிக்காவிட்டால் அடுத்த தட்டிக்குப் போய்விடுவார்கள். இது அவர்கள் வழக்கம். அப்படி நின்று கேட்கிறவர்களில் ஒருவர்தான் சில சமயம் ஒரு பிள்ளைக்கு வாழ்நாள் வழிகாட்டியாக ஆகிவிடுவாராம்.

என் மகளுக்குக் கிடைத்த இடம் கடைசி வரிசையின் கடைசித் தட்டி. கோப்பி இயந்திரத்துக்கு அந்தப் பக்கம், கழிவறைக்குப் போகிற வழி. வியாபாரியைக் கேட்டால் சொல்வான், மோசமான இடம். கோப்பி பிடிக்க வந்தவர்கள் பிடித்துக்கொண்டு அப்படியே திரும்பிவிட்டார்கள். கழிவறைக்கு அவசரமாகப் போகிறவன் போஸ்டர் படிப்பானா?

நான் தூணோரம் ஒரு நாற்காலியில் வடைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் முன்னால் யாரும் நிற்கவில்லை. வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்தாள். அவர்களும் சிரித்துவிட்டுப் போனார்கள். அவள் ஒட்டின தாளின் மூலையை மறுபடி மறுபடி அழுத்தினாள். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும், பிள்ளைகளே. போனி ஆகாத வியாபாரியின் சிரிப்பு அது. முதல் வியாபாரம் ஆவதைத்தான் நாங்கள் போனி என்போம். அது ஆகும்வரை முகம் மட்டும்தான் சிரிக்கும்.

நான் முதன்முதலில் கடை போட்ட நாள் ஞாபகம் வந்தது. சட்டியில் எண்ணெய் கொதிக்கிறது, ஒரு ஆளும் வரவில்லை. பக்கத்தில் சோயா பால் விற்கும் சீனர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தன் கடையை அப்படியே விட்டுவிட்டு என் கடை முன்னால் வந்து நின்றார். அந்தப் பக்கம் துணி விற்கும் மக்சிக், அதாவது மலாய் அம்மா ஒருவரையும் கூப்பிட்டு நிறுத்தினார். ஒரு வடையை எடுத்துக் கடித்து, தெரு முழுக்கக் கேட்கும்படி, "வா, பாஸ்! பானாஸ் லாகி, செடாப் லா!" என்றார். சூடாக இருக்கிறது, ருசியாக இருக்கிறது என்று அவர் கத்தின கத்தலில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆள் நின்றால் ஆள் வரும். எங்கள் தொழிலில் இது எழுதாத சட்டம். புதுக்கடைக்கு அக்கம்பக்கத்துக் கடைக்காரன்தான் முதல் கூட்டம்.

அந்தக் கூடத்தில் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் தத்தம் தட்டிக்குக் காவல் நின்றார்கள். யாரும் அசையவில்லை. என்னால் உட்கார முடியவில்லை.

கூடத்துக்கு வெளியே விருந்தினர்களை ஏற்றி இறக்கும் வேன் டிரைவர் ஒருவர் சுவரில் சாய்ந்து நின்றார். நம்ம ஆள், சுங்கை பூலோக்காரர். பக்கத்தில் கோப்பைகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்த அக்கா ஒருவர்.

"அண்ணே, ஒரு உதவி. உள்ள என் மக நிக்கறா. அவ கடை முன்னாடி கொஞ்ச நேரம் வந்து நில்லுங்க" என்றேன்.

"கடையா? இங்க ஏது கடை?"

"வாங்கண்ணே, வடை தரேன்."

அக்கா சிரித்துவிட்டார். "வடைக்காக இல்ல தம்பி. வாங்க, போய் நிப்போம். பிள்ள பாவம், நானும் அப்பவே பார்த்தேன்."

மூன்று பேரும் போய் அந்தப் போஸ்டர் முன்னால் வரிசையாக நின்றோம். மகள் முகம் மாறிப்போனது. பல்லைக் கடித்துக்கொண்டு, "அப்பா, என்ன பண்றீங்க?" என்றாள்.

"நான் அப்பா இல்ல, கஸ்டமர். இது என்னன்னு சொல்லும்மா."

முதலில் இங்கிலீஷில் ஆரம்பித்தாள். நாங்கள் திருதிருவென்று விழித்தோம். பிறகு தமிழுக்கு மாறினாள். "நடக்க ஆரம்பிச்சவங்கள்ல நெறைய பேரு பாதியில விட்டுடறாங்க. ஆனா கீழ ஒருத்தர் வந்து நின்னு, பேர் சொல்லிக் கூப்பிட்டா எறங்கி வந்துடறாங்க. டாக்டர் சொன்னத விட, பயமுறுத்தினத விட, கீழ ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்காங்கங்கறதுதான் அவங்கள நடக்க வெக்கிது."

வேன் டிரைவர் தலையைச் சொறிந்தார். "தங்கச்சி, தப்பா நெனைக்காத. இதக் கண்டுபிடிக்கவா இத்தன வருஷம்? இது எனக்கே தெரியுமே லா."

என் மகள் கோபப்படவில்லை. "உங்களுக்குத் தெரியும் அங்கிள், எனக்கும் தெரியும். ஆனா கிளினிக்ல ஒரு ஆளப் போட்டு, 'நீ போய் கீழ நின்னு கூப்பிடு'ன்னு யாரும் சம்பளம் குடுக்கறதில்ல. நோட்டீஸ்தான் அடிச்சுக் குடுக்கறாங்க. தெரிஞ்சா போதாது, சரியா அளந்து காட்டணும். சில சமயம் நமக்குத் தெரியும்னு நெனைக்கிறது தப்பாவும் இருக்கும். நான்கூட, நடக்கறவங்களுக்குப் பரிசு குடுத்தா விடாம நடப்பாங்கன்னு நெனைச்சேன். அது நடக்கல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவள் வேலையை நான் இதுவரை ஒழுங்காகக் கேட்டதே இல்லை.

"அதெல்லாம் சரி" என்றார் டிரைவர். "எங்க தாமான்ல கீழ ஒருத்தர் இல்ல, நாலு பேரு காத்துக்கிட்டு இருக்காங்க. நாலும் நாய்! எறங்கினா தொரத்துது. நடக்கறதென்ன, ஓடவே வெக்கிது!"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் சிரித்தேன். மகளும் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த அமைதியான கூடத்தில் எங்கள் சிரிப்பு கொஞ்சம் அதிகம்தான். கோப்பி இயந்திரத்துப் பக்கம் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கழுத்தில் பேர் அட்டை மாட்டின இரண்டு ஆராய்ச்சியாளர்கள், என்ன நடக்கிறது என்று மெல்ல எங்கள் பக்கம் வந்தார்கள். ஆள் நின்றால் ஆள் வரும் என்றேனே!

அப்போது எனக்குப் பின்னால் ஒரு வயதான அம்மா வந்து நின்றார். நரைத்த குட்டை முடி. கசங்கின பருத்திச் சட்டை, ரப்பர் சப்பாத்து, தோளில் துணிப்பை. கழுத்தில் அட்டை இல்லை. ஹோட்டலில் தங்கியிருக்கும் யாரோ வழி தப்பி வந்துவிட்டார் என்று நினைத்தேன். எனக்கு இன்னும் கூட்டம் வேண்டும்.

"ஆன்டி, கொஞ்சம் முன்னாடி வந்து நில்லுங்க. சும்மா கேக்கற மாதிரி நின்னாப் போதும். பிள்ளைக்கு போனி ஆகட்டும்" என்றேன்.

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "நிக்கிறன் தம்பி, நிக்கிறன்" என்று முன்னால் வந்துவிட்டார். யாழ்ப்பாணத்துத் தமிழ். நான் சும்மா இருந்திருக்கலாம். "வடை சாப்பிடறீங்களா?" என்று ஒன்றை எடுத்துக் கையிலும் கொடுத்துவிட்டேன். பசியோடு இருந்தார் போலும், நின்றபடியே சாப்பிட்டார்.

மகள் அட்டை மாட்டின அந்த இரண்டு பேருக்கும் இங்கிலீஷில் விளக்கிக்கொண்டிருந்தாள். அவர்கள் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்கள். அந்த அம்மா நகரவில்லை. போஸ்டரை மேலிருந்து கீழ்வரை படித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கிட்டப் போய் ஒரு படத்தைப் பார்த்தார். பிறகு தமிழிலேயே கேட்டார்.

"பிள்ளை, கூப்பிட ஆள் இருக்கிறவை இறங்கி வருகினம். சரி. கீழ வந்து கூப்பிட ஒருத்தரும் இல்லாதவைக்கு என்ன செய்யப் போறீர்?"

மகள் போஸ்டரைத் திரும்பிப் பார்த்தாள். எதையாவது சொல்லேன் என்று மனதுக்குள் கத்தினேன்.

"தெரியல" என்றாள் அவள். "அதத்தான் அடுத்து தேடணும்னு ஆசை. ஆனா... அதுக்கு எனக்கே கூப்பிட ஆள் இல்ல."

அந்த அம்மா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "தெரியாதெண்டு சொல்லுறீர். நல்லது" என்றார். "மத்தியானம் எனக்காகக் காத்திருந்தது நீர்தானே? பட்டியலில உம்மட பேரைப் பாத்தனான். விமானம் பிந்திப் போச்சுது, குறை நினைக்காதையும்."

மகள் கை அப்படியே தட்டியைப் பிடித்துக்கொண்டது. "அப்பா" என்றாள், "இவங்கதான்."

பிள்ளைகளே, தரை பிளந்திருந்தால் நான் வடைப் பொட்டலத்தோடு உள்ளே போயிருப்பேன்.

கூட்டம் கலைந்தபிறகு பேராசிரியை எங்களைப் பிரிக்பீல்ட்ஸுக்கு நடத்திக் கூட்டிப்போனார். "என்ர ஊர் இது" என்றார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே ரயில்வேயில் வேலை பார்த்த குடும்பம். இங்கேதான் பிறந்தாராம். தெருவோர ஒட்டுக்கடை ஒன்றில் உட்கார்ந்து தே தாரேக், நுரை பொங்க ஆற்றின தேத்தண்ணி, சொன்னோம். அவரும் மகளும் பேச ஆரம்பித்தார்கள். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். எதைத் தப்பாகக் கேட்டாய், யாரைக் கேட்காமல் விட்டாய் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டார். கடுமையாகத்தான் சொன்னார். ஒரு இடத்தில், "இந்தப் பகுதியை முழுக்க எறியும்" என்றார். மகள் முகம் வாடவில்லை, மலர்ந்தது. ஒரு வருடமாக அவளுக்கு இப்படித் திட்ட ஆள் இல்லையே!

பேச்சு நின்றபோது பேராசிரியை தெருவுக்கு அந்தப் பக்கம் எழும்பி நின்ற உயரமான கட்டடத்தைக் காட்டினார்.

"அதுக்குள்ள எங்கேயோதான் எங்கட குவாட்டர்ஸ். முன்னால ஒரு கொய்யா மரம் நிண்டது. ரெண்டு வருசம் படிச்சிட்டு வாறன் எண்டுதான் போனனான். பாருங்கோ, தலை நரைச்சுப் போச்சுது."

"வீட்டுல தடுக்கலையா மேடம்?" என்றேன்.

"அப்பா ஒண்டும் சொல்லேல்லை. கையை மட்டும் பிடிச்சவர். அந்தக் கை இப்பவும் இதில இருக்கு" என்று தன் வலது கையைத் தடவிக்கொண்டார். பிறகு நேராக என்னைப் பார்த்தார். "உங்கட மகளை என்னோட வேலை செய்யக் கூப்பிடப் போறன். கொஞ்சம் கடதாசி வேலை இருக்கு, ஆனா நடக்கும். தூரம். நான் பொய் சொல்ல மாட்டன், போன பிள்ளையள் எல்லாரும் திரும்பி வாறதில்லை. நீங்கள் என்ன சொல்லுறியள்?"

மகள் தன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாயில் தெலுக் பங்லிமா காராங் என்ற பேர் வந்து நின்றது. சொன்னால் போதும். "அம்மாவும் அப்பாவும் தனியா இருப்போம்" என்று ஒரு வார்த்தை சொன்னால், அவள் திங்கட்கிழமை அந்த வேலைக்குச் சரி என்று சொல்லிவிடுவாள். எனக்கு அவளைத் தெரியும்.

ஆனால் அந்தக் கடைசித் தட்டியும், அவள் மூலையை அழுத்தி அழுத்தி நின்றதும் கண்ணுக்குள்ளேயே இருந்தது.

"மேடம்" என்றேன், "அங்க... கீழ வந்து நின்னு, இவ பேர் சொல்லிக் கூப்பிட ஆள் இருக்குமா?"

அவர் ஆறிப்போன தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார்.

"நான் இருக்கிறன்" என்றார். "நான் இருக்கும் மட்டும் நான் வருவன்."

மகள் திங்கட்கிழமை தொழிற்சாலைக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டாள். சில மாதங்களில் விசா வந்தது. விமான நிலையத்தில் என் மனைவி வடைமாவுப் பொடியை எப்படிக் கரைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் மகள் கையைப் பிடித்தேன். பிறகுதான் அந்தப் பேராசிரியையின் அப்பாவும் இதையேதான் செய்தார் என்பது நினைவுக்கு வந்தது. சட்டென்று விட்டுவிட்டேன். பிறகு மறுபடி பிடித்துக்கொண்டேன்.

பேராசிரியை சொன்ன சொல் தவறவில்லை. சனிக்கிழமை காலை தவறாமல் மகள் குடியிருந்த கட்டடத்துக்குக் கீழே வந்து நின்று, அண்ணாந்து பார்த்து, தமிழில் பேர் சொல்லிக் கூப்பிடுவாராம். பனி கொட்டினாலும் வருவாராம். வேலை சரியாக வராத நாட்களில் படுக்கையை விட்டு எழுந்ததே அந்தக் குரலுக்காகத்தான் என்று மகள் ஒருநாள் சொன்னாள். இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். முழங்கால் வலியாம், மெதுவாகத்தான் நடக்கிறாராம். "இப்ப நான்தான்பா அவங்க வீட்டுக்குக் கீழ போய்க் கூப்பிடறேன்" என்கிறாள்.

அவளுக்கு அங்கேயே வேலை நிலைத்துவிட்டது. தீபாவளிக்கு வருகிறேன் என்பாள், சில வருடம் வருவாள், சில வருடம் முடியாது. அங்கேயும் கூட்டங்களுக்குப் போகிறாள். போஸ்டர் வைத்திருக்கும் இடத்துக்குப் போனதும் முதலில் கடைசி வரிசைக்குத்தான் போவாளாம். அங்கே தனியாக நிற்கும் பிள்ளை முன்னால் போய், "இது என்னன்னு சொல்லுங்க, கேப்போம்" என்று நிற்பாளாம். "நான் கஸ்டமர்னு சொல்லிக்கறதில்லப்பா, மத்ததெல்லாம் நீங்க செஞ்சதுதான்" என்று சிரிப்பாள்.

அந்தப் பழைய போஸ்டர் எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கிறது. கிட்டப் போனால் இன்னும் பெருங்காய வாசனை வருகிற மாதிரி எனக்குத் தோன்றும். "அதெல்லாம் எப்பவோ போயிடுச்சு, உங்க மூக்குதான் ஏங்குது" என்பாள் என் மனைவி. இருக்கலாம்.

கடை இல்லாத சாயங்காலங்களில் போன் மணி அடிக்கும். "அப்பா, கீழ எறங்கிட்டீங்களா?" என்று மகள் கேட்பாள். கதவுக்குப் பின்னால் கிடந்த சப்பாத்தை மாட்டிக்கொண்டு இறங்குவேன். போனைக் காதில் வைத்தபடி ஃப்ளாட்டைச் சுற்றி வருவேன். அவள் பேசுவாள். மாடிப்படி இறங்கும்போது மட்டும், ஒவ்வொரு தடவையும், கடைசிப் படியில் அவளே நிற்பாள் என்று மனசு நினைத்துக்கொள்ளும். அங்கே குரல்தான் இருக்கும். அந்தக் குரலுக்காகத்தான் நான் இன்றும் நடக்கிறேன். அவள் கண்டுபிடித்தது சரிதான் என்பதற்கு நானே சாட்சி.

பிள்ளைகளே, நான் அன்று கூட்டின கூட்டம்தான் என் பிள்ளையை என்னிடமிருந்து தூரமாகக் கொண்டுபோனது, அந்த ஏக்கம் எனக்குத் தீரப்போவதில்லை. ஆனாலும் யாரும் வராத ஒரு கடைக்கு முன்னாலோ, பேச்சுத் துணையில்லாமல் ஒதுங்கி நிற்கும் ஒரு பிள்ளைக்கு முன்னாலோ, இன்றைக்கும் என் கால்கள் என்னைக் கேட்காமலே போய் நின்றுவிடுகின்றன.